கோப்பை எந்த வீட்டில் இருந்தது

நவம்பர் 9, ஞாயிறு

ஜெசிந்தாமேல் பொறாமைப்பட்டுத்தான் நான் மைதானத்துக்கு வருவதில்லை என்று பூசை முடிந்து கோவில் வாசலில் நின்று பேசிக்கொள்கிறார்களாம். வீட்டுவேலைக்கு வரும் சந்தனமாரி சொன்னாள். இது தவறு. என் கணவர் உயிரோடு இருந்த காலத்திலேயே நான் மைதானத்துக்குப் போனதில்லை. இல்லாத வழக்கத்தை யாரும் நிறுத்த முடியாது.

தவறைத் திருத்துவதானால் முழுதாகத் திருத்த வேண்டும். என் கணவர் கஸ்பார் வாஸ் இறக்கும்வரை ஹார்பர் ரோவர்ஸ் கால்பந்துக் கழகத்தின் தலைவர். அப்போது அது உள்ளூர்ப் பையன்கள் ஆடும் கழகம். இப்போது மீன் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்று அதை எடுத்து, சம்பள ஆட்டக்காரர்களை வைத்து, தேசிய இரண்டாம் பிரிவு லீகில் ஆட விட்டிருக்கிறது. என் கொழுந்தன் லியோன் தற்காலிகத் தலைவர். அவன் மனைவி ஜெசிந்தா எனக்கு ஓரகத்தி. தற்காலிகத் தலைவரின் மனைவிக்குக் கழகத்தில் எந்தப் பதவியும் கிடையாது. ஆனால் ஆட்டக்காரர்கள் உட்காரும் பெஞ்சுக்குப் பின்னால் அவளுக்கு நாற்காலி உண்டு, கழுத்தில் அனுமதி அட்டையும் உண்டு. ஆட்டக்காரர்கள் அவளை மம்மி என்கிறார்கள்.

அதில் எனக்கு ஒன்றும் இல்லை.

நவம்பர் 10, திங்கள்

நேற்று நம்மவர்கள் முதல் ஆட்டத்தில் தோற்றார்கள். நம்மவர்கள் என்று எழுதிவிட்டேன். ரோவர்ஸ் தோற்றது.

நவம்பர் 23, ஞாயிறு

கண்ணுக்கு மருந்து விட்டுப் படுத்திருந்தபோது ஜெசிந்தா சீலா மீன் கொண்டுவந்தாள். கழுவாத கையோடு என் ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

“அக்கா, இன்னைக்கு ரெண்டுக்குச் சைபர். அந்த மிசோரம் பையன் லால்ரெமா, கோல் கீப்பர், பறந்து பறந்து புடிச்சான். நீங்க பாத்திருக்கணும்.”

“எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கும்.”

“என்ன வேலை? சந்தனமாரிதான் எல்லாம் செய்தாளே.”

“அவள் செய்ததை நான் திரும்பச் செய்ய வேண்டியிருக்கிறது.”

ஜெசிந்தா சிரித்தாள். அவளுக்குக் கோபமே வராது. நாற்பது வருடமாக இதைக் கவனித்துவருகிறேன். நல்ல பள்ளியில் படித்திருந்தால் எப்போது மனவருத்தப்பட வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

லால்ரெமா இரண்டாம் பாதியில் ஒரு பந்தைத் தட்டிவிட்டது முழங்காலில் பட்டுத்தான். பறக்கவில்லை. மகன் வாங்கி அனுப்பிய டேப்லெட்டில் தற்செயலாகப் பார்த்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். கோப்பை அலமாரியைத் துடைத்தேன்.

கழகத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கோப்பையை வென்றாலும் முதல் இரவு அது தலைவர் வீட்டில், மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மறுநாள் காலை வீட்டுக்காரம்மா அதில் நன்னாரி சர்பத் ஊற்றிக் கொடுப்பாள். ஆட்டக்காரர்கள் வயதில் இளையவரிலிருந்து வரிசையாகக் குடிப்பார்கள். மாவட்டக் கோப்பைகள் எல்லாம் இந்த வீட்டுக்குத்தான் வந்தன. எல்லாம் பித்தளை. புளியும் கல்லுப்பும் போட்டு நானே தேய்ப்பேன். வேறு யார் கையிலும் கொடுத்ததில்லை.

மைதானம் அவருடையது. ஆனால் அந்த ஒரு காலை என்னுடையது. வியர்த்த பையன்கள் கைகட்டி வரிசையில் நிற்பார்கள். அவர் அவர்களுக்குப் பின்னால் நின்று என்னைப் பார்ப்பார்.

ரோவர்ஸ் பட்டியலில் மூன்றாவது இடத்தில் இருக்கிறது. லீகை வென்றால் கோப்பை யார் வீட்டுக்குப் போகும் என்று நான் யோசிக்கவில்லை. ஆனால் கழகம் தலைவர் தேர்தல் இன்னும் நடத்தவில்லை. தற்காலிகம் என்பது தற்காலிகம்தான். சட்டப்படி தலைவர் வீடு இதுவே.

டிசம்பர் 25, வியாழன்

காலையில் ஆட்டக்காரர்கள் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள். செருப்பைச் சரியாக வரிசையில் விட்டார்கள். கேப்டன் ரஞ்சன் எழுந்து நின்று, “ஹேப்பி கிறிஸ்துமஸ், மேடம்” என்றான். கேக்கைச் சிந்தாமல் சாப்பிட்டார்கள். பத்து நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார்கள். நல்ல ஒழுக்கம்.

பிறகு ஜெசிந்தா வீட்டுக்குப் போனார்கள். மூன்று மணிவரை அங்கிருந்து பாட்டும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு பீங்கான் உடைந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

மீந்த கேக்கைச் சந்தனமாரியிடம் கொடுத்தனுப்பினேன். நிறையவே மீந்தது.

ஜனவரி 25, ஞாயிறு

இன்று மைதானத்துக்குப் போனேன். லியோன் நேரில் வந்து, “மதினி, பழைய தலைவர்கள் படம் மாட்டுதோம். அண்ணன் படத்த நீங்கதான் திறக்கணும்” என்றதால் போனேன். வேறு காரணம் இல்லை.

படத்தைத் திறந்தேன். சட்டகம் கோணலாக இருந்தது, சரிசெய்தேன். பிறகு ஜெசிந்தா தன் நாற்காலிக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலி போடச் சொன்னாள். கைக்குட்டையால் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவள் ஆட்டம் முழுவதும் கத்துகிறாள். “எலே ரஞ்சா, யாருக்குல அந்தப் பந்து, மாமியாருக்கா” என்கிறாள். அவன் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறான். பயிற்சியாளர்கூட அவளை ஒன்றும் சொல்வதில்லை.

இரண்டாம் பாதியில் அவள் என் பக்கம் சாய்ந்து சொன்னாள்: “அத்தான் இருந்தா இந்நேரம் ஒரு விசில் அடிச்சே அந்த லெஃப்ட் பேக்க முன்னால தள்ளிருப்பாவ.”

“யார் விசில் அடிப்பது?”

“அத்தான்தான். ரெண்டு விரல வாயில வச்சு அடிப்பாவ பாருங்க, துறைமுகத்துக்கே கேக்கும். ஜெயிச்சா பாட்டாவே அடிப்பாவ. நாங்க எல்லாரும்…”

“அவர் விசில் அடிக்கமாட்டார்.”

ஜெசிந்தா என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் முந்தானையைச் சரிசெய்தாள்.

“ஆமாக்கா. வேற யாராச்சுமா இருக்கும். எனக்கு ஞாபகம் தப்புது.”

அவளுக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிடும்.

திருமணமான முதல் வாரம் அவர் குளித்துக்கொண்டே விசில் அடித்தார். வீட்டுக்குள் விசில் அடிப்பது நல்ல குடும்பத்து வழக்கமில்லை என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். கான்வென்டில் மதர் எங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவர் உடனே நிறுத்திவிட்டார். பிறகு ஒரு நாளும் அடிக்கவில்லை. சொன்னதும் கேட்கிற குணம் என்று அப்போது சந்தோஷப்பட்டேன்.

ரோவர்ஸ் தோற்றது. நான் போனதால் தோற்றது என்று நாளை பேசுவார்கள்.

ஜனவரி 26, திங்கள்

தலைவலி. திரைச்சீலைகளை எல்லாம் கழற்றி நனைத்தேன்.

பிப்ரவரி 18, சாம்பல் புதன்

நோன்பு தொடங்குகிறது. தவக்காலத்துக்கு டேப்பை விட்டுவிடுவதாக முடிவுசெய்தேன். இறைச்சியைவிட அது கடினம் என்று எழுதினால் பாவமாகாது என்று நினைக்கிறேன்.

கழகச் செயலாளர் ததேயுஸுக்கு ஒரு கடிதம் எழுதினேன். தலைவர் பதவி காலியாக இருக்கும்போது கோப்பை முதல் இரவு எந்த வீட்டில் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டிருக்கிறேன். தனிப்பட்ட முறையில் எனக்கு எதுவும் வேண்டாம் என்று கடைசியில் சேர்த்தேன். பிறகு அந்த வரியை அடித்துவிட்டு, வேறு தாளில் அந்த வரி இல்லாமல் எழுதினேன்.

ஜெசிந்தா காலைப் பூசையில் கோவிலின் முன்வரிசையில் இருந்தாள். ஆட்டக்காரர்களில் பாதிப் பேரை அழைத்து வந்திருந்தாள், இந்துப் பையன்கள் உட்பட. எல்லார் நெற்றியிலும் சாம்பல்.

மார்ச் 15, ஞாயிறு

நான் பார்க்கவில்லை. டேப் மேசைமேல் இருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன்.

நடுவர் கொடுத்த பெனால்டி அநியாயம். பந்து கையில் படவில்லை, தோளில் பட்டது. லால்ரெமா அதைத் தடுத்தான். இந்த முறை உண்மையிலேயே பறந்தான்.

ரோவர்ஸ் முதலிடம்.

டேப்பில் பெஞ்சுக்குப் பின்னால் அடிக்கடி ஜெசிந்தா தெரிகிறாள். காமெராக்காரனுக்கு அவளைப் பிடித்துவிட்டது போலிருக்கிறது. பச்சைப் புடவை அவள் நிறத்துக்குப் பொருந்தவில்லை.

மார்ச் 22, ஞாயிறு

கோவிலில் ததேயுஸைப் பிடித்தேன். வக்கீல், முப்பது வயது, கைக்குட்டை வைத்துக்கொள்வதில்லை.

“என் கடிதம் கிடைத்ததா?”

“கெடச்சுது ஆன்டி. மொதல்ல கப்ப ஜெயிப்போம். அப்புறம் பாத்துக்கலாம்.”

“பார்த்துக்கொள்வது என்பது பதில் ஆகாது.”

“லியோன் அங்கிள் வீட்டுக்குத்தான் போகும்னு பசங்க நெனச்சிட்டு இருக்காங்க ஆன்டி. மம்மி இப்பவே நன்னாரி வாங்கி வச்சிட்டாங்களாம்.”

இவனும் மம்மி என்கிறான். இவனுடைய சொந்தத் தாய் அடுத்த பெஞ்சில் முழங்காலில் இருக்கிறாள்.

வீட்டுக்கு வந்ததும் நானும் நன்னாரி வாங்கிவரச் சொல்லி அனுப்பினேன். வேர் வாங்கி நானே காய்ச்சுவேன். அவள் வாங்கியிருப்பது கடைப் பாட்டிலாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு

ஜெசிந்தா வாழ்த்துச் சொல்ல வந்தாள். கடைசி ஆட்டம் பன்னிரண்டாம் தேதி, இங்கேயே. ஜெயித்தால் கோப்பை.

“அன்னைக்கு வாரீயளா அக்கா?”

“நான் வந்தால் தோற்பார்கள் என்று உங்கள் ஆட்கள் சொல்கிறார்களே.”

“எவன் சொன்னான்? பேரச் சொல்லுங்க, அவன் வீட்டு வாசல்ல போயி நிக்கேன்.”

பெயரைச் சொல்லவில்லை. யாரும் அப்படிச் சொன்னதாக எனக்குத் தெரியாது. சொல்லியிருப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

நான்கு மணிக்கு டேப்பை வைத்துக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்தேன். தவக்காலம் முடிந்துவிட்டது, ஒளிக்க வேண்டியதில்லை.

மைதானம் இங்கிருந்து இரண்டு தெரு. டேப்பில் படம் சற்றுத் தாமதமாக வருகிறது. அதனால் எண்பதாவது நிமிடத்தில் கார்னர் எடுக்க ரஞ்சன் பந்தை வைத்துக்கொண்டிருக்கும்போதே ஜன்னல் வழியாகச் சத்தம் வந்துவிட்டது. ஊரே எழுந்த சத்தம். என் டேப்பில் அவன் இன்னும் காலைத் தூக்கவில்லை. கோல் விழப்போகிறது என்று தெரிந்துகொண்டே பந்து வருவதைப் பார்த்தேன். எல்லாருக்கும் முடிந்துபோன சந்தோஷம் எனக்கு இனிமேல்தான் வர வேண்டும். வந்தபோது அறையில் நான் மட்டும்.

ஒன்றுக்குச் சைபர். ஹார்பர் ரோவர்ஸ் சாம்பியன்.

அலமாரியின் நடுத்தட்டைக் காலி செய்தேன். வராது என்று தெரியும். இருந்தாலும் தூசி இருந்தது.

ஏழரை மணிக்கு ஆட்டோ நின்றது. லியோன், ரஞ்சன், ஜெசிந்தா. ஜெசிந்தாவின் மடியில் கோப்பை, கைக்குழந்தையைப் போல. அவளுக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது.

“அக்கா, இது பெரிய வீட்டுக்குத்தான் மொதல்ல வரணும்னு நான் சொல்லிட்டேன். புடிங்க, கனமா இருக்கு.”

லியோன், “ராத்திரி பூரா இங்கதான் மதினி. காலைல பசங்கள அனுப்புதேன்” என்றான்.

வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேன். குறை சொல்ல இடமில்லாமல் நடந்துகொண்டேன்.

ஆனால் இதை எழுதிவைக்க வேண்டும். என் உரிமையைக் கேட்டேன். அது எனக்கு உரிமையாக வரவில்லை. அவள் கொடுத்ததாக வந்தது. தன்னிடம் இருப்பதைத்தான் ஒருத்தி கொடுக்க முடியும். அப்படியென்றால் அது அவளுடையதாகத்தான் இருந்திருக்கிறது.

கோப்பை முழுக்கப் பிசுபிசுப்பு. சோடாவோ வேறெதுவோ ஊற்றியிருக்கிறார்கள். கைப்பிடியில் சேறு. யார் யாரோ முத்தமிட்ட தடம். இப்படியே மாதாவுக்குப் பக்கத்தில் வைக்க முடியாது. காலையில் முதல் வேலை.

ஏப்ரல் 13, திங்கள்

ஐந்து மணிக்கு எழுந்து புளி கரைத்தேன். கல்லுப்பு சேர்த்து, தேங்காய் நாரால் தேய்த்தேன். பிசுபிசுப்பு போனது. சேறு போனது. இன்னும் பளிச்சென்று வர வேண்டும் என்று அழுத்தித் தேய்த்தேன். எங்கள் கோப்பைகள் அப்படித்தான் வரும்.

வெளிச்சம் வந்ததும் பார்த்தேன். ஒரு பக்கம் முழுவதும் பொன்னிறம் போய், ஈயப் பாத்திரம்போல வெளிறித் தெரிந்தது. முன்பு வென்ற கழகங்களின் பெயர்கள் பொறித்த பக்கம்.

ஜெசிந்தா பின்வாசல் வழியாக வந்தாள், டம்ளர்கள் போதுமா என்று கேட்க. பார்த்தாள்.

“அக்கா, இது பித்தளை இல்ல. முலாம்.”

“தெரியும்” என்றேன். தெரியாது.

வெளிறிய பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, தன் கழுத்திலிருந்த ரோவர்ஸ் துண்டை எடுத்து அதன்மேல் சுற்றினாள். “சர்பத்த ஊத்துங்க. பசங்க தெருமுனைல வாரானுவ.”

ஊற்றினேன். வரிசையில் நின்றார்கள். இளையவன் லால்ரெமா முதலில் குடித்தான். “வெரி நைஸ், மேடம்” என்றான். எல்லாரும் நைஸ் மேடம் என்றார்கள். குடித்துவிட்டு ஒவ்வொருவனும் ஜெசிந்தாவைக் கட்டிப்பிடித்தான்.

என் சர்பத் நன்றாக இருந்தது. அதில் சந்தேகமில்லை.

ஏப்ரல் 17, வெள்ளி

நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில் வந்திருக்கிறது. லீகின் சுழற்கோப்பை சேதமடைந்ததாகவும், ‘தலைவர் லியோன் வாஸ் இல்லத்தில்’ அவருடைய மனைவி அதைச் சுத்தம் செய்தபோது முலாம் உரிந்ததாகவும். அவளே கம்பெனி மேனேஜரிடம் போய் அப்படிச் சொல்லியிருக்கிறாள். லீக் விளக்கம் கேட்டிருக்கிறது. கழக நிர்வாகக் குழு கூடி, அடுத்த சீசனில் ஜெசிந்தாவுக்கு அனுமதி அட்டை இல்லை, பெஞ்சுக்குப் பின்னால் நாற்காலியும் இல்லை என்று முடிவுசெய்துவிட்டது.

சந்தனமாரி போனில் ஒரு படம் காட்டினாள். யாரோ கோப்பைக்குப் பக்கத்தில் சபீனாப் பொடியும் கையில் நாருமாக ஜெசிந்தாவை வரைந்திருக்கிறார்கள். ‘மம்மி தேய்ச்ச கப்பு’ என்று கீழே. ஊரே சிரிக்கிறதாம். ஆட்டக்காரர்கள் அந்தப் படத்தைச் சட்டையில் அச்சடிக்கப் போகிறார்களாம்.

ஆக, அவளுக்கு அந்த நாற்காலி இனி இல்லை. நவம்பரிலிருந்து நான் கண்ட காட்சிகளில் எனக்கு ஆகாதது அந்த நாற்காலிதான். இன்று எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும்.

மதியம் சாப்பிடவில்லை. வெயில்.

ஏப்ரல் 19, ஞாயிறு

பூசைக்குப் பிறகு ஜெசிந்தா வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாக. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“உன்னிடம் நான் கேட்டேனா?”

“எதக்கா?”

“என் பிழையை நீ எடுத்துக்கொள்ளச் சொல்லி.”

“கேக்கல. நீங்க என்னைக்கு என்ன கேட்டிருக்கீய?” கத்தியைக் கீழே வைத்தாள். “மேனேஜரு வந்து உங்க வீட்டு வாசல்ல நின்னு சத்தம் போட்டா நீங்க தாங்க மாட்டீய. நான்னா திருப்பிச் சத்தம் போடுவேன். அவ்ளோதான்.”

“கோப்பை உன் வீட்டில் இருந்ததாகப் பேப்பரில் வந்திருக்கிறது.”

“அதுக்கா கோவம்?” சிரிக்கத் தொடங்கியவள் என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள். “அக்கா, அந்த நாற்காலி போச்சேன்னு எனக்கு ரெண்டு நாளா தூக்கம் இல்ல. உங்களுக்குக் கப்பு யாரு வீட்டுல இருந்துச்சுங்கதுதான் கணக்கா?”

அவள் அழுது நான் பார்த்ததில்லை. வெங்காயம் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது, இருவருக்கும்.

ஒரு வெங்காயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டேன். “அவர் ஜெயித்த நாட்களில் இங்கே வந்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாரா?”

“ஆமா. ஒரு அரை மணி நேரம். கதை பூரா சொல்லிட்டுத்தான் போவாவ.”

“ஏன்?”

“வெளையாட்டாத்தான் சொல்வாவ. உங்க வீட்டுல நுழைஞ்சா மொதல்ல கை கால் கழுவணுமாம், சட்டைய மாத்தணுமாம். அதுக்குள்ள கோலு ஆறிப்போயிருமாம்.”

கை கால் கழுவுவது சுகாதாரம். அதையும் அவளிடம் சொன்னேன்.

பிறகு மீதி வெங்காயத்தை நான் உரித்தேன். அவள் தோலோடு பாதியை வீணாக்குகிறாள்.

ஏப்ரல் 20, திங்கள்

கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டும் நீளம்.

ஏப்ரல் 21, செவ்வாய்

இன்று பதிவுத்தபாலில் அனுப்பியதன் நகல்.

ஹார்பர் ரோவர்ஸ் கால்பந்துக் கழக நிர்வாகக் குழுவுக்கு. லீக் அலுவலகத்துக்கு ஒரு நகல்.

ஐயா,

லீகின் சுழற்கோப்பை சேதமடைந்தது பற்றி நீங்கள் பதிவுசெய்திருக்கும் விவரம் தவறானது. கோப்பை ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி மாலையிலிருந்து மறுநாள் காலைவரை என் வீட்டில் இருந்தது, லியோன் வாஸ் வீட்டில் அல்ல. கேப்டன் ரஞ்சனும் மற்ற ஆட்டக்காரர்களும் சாட்சி. அதைப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தது நான். முலாம் பூசியது என்று எனக்குத் தெரியவில்லை. கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

திருமதி ஜெசிந்தா வாஸ் கோப்பையைத் தேய்க்கவில்லை. அவருடைய வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தவர்கள் யாரும் அவர் எதையும் அவ்வளவு அழுத்தித் தேய்ப்பார் என்று நம்பமாட்டார்கள். தான் செய்ததாக அவர் சொன்னது பொய். அது என்பொருட்டுச் சொன்ன பொய். நான் சொல்லச் சொல்லவில்லை.

ஆகவே அவருடைய அனுமதி அட்டையையும் நாற்காலியையும் திருப்பித் தர வேண்டும். இந்தக் கழகம் எந்த லீகிலும் இல்லாத காலத்திலிருந்து அவர் அந்த இடத்தில் இருக்கிறார். என் கணவர் அங்கே சந்தோஷமாக இருந்ததை அவர் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததில்லை. அதைத் தெரிந்த ஒருவராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

தண்டனை ஏதேனும் உண்டென்றால் அது என் பெயரில் வர வேண்டும். அடுத்த சீசனில் எனக்குத் தனி இருக்கை எதுவும் வேண்டாம். பொதுப் பகுதியில் டிக்கெட் வாங்கிக்கொள்வேன்.

கோப்பை எந்த வீட்டில் இருந்தது என்பதைத் திருத்திவிட்டீர்களா, திருமதி ஜெசிந்தா வாஸின் நாற்காலி திரும்ப வந்துவிட்டதா என்பதை எனக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவும். தொலைபேசியிலோ கோவில் வாசலிலோ சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
எர்மலின் கஸ்பார் வாஸ்